துண்டுக்குள் முடிந்த குத்தகை

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு
1909 ஆகஸ்டு

அருமை மகள் ருக்கையாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆட்டுக் கொட்டில் நம் கையிலேயே நின்றுவிட்டது, துரையிடம் நானே நேரில் நின்று இங்கிலீஷில் பேசி முடித்தேன், நடுவில் பேச்சை மாற்றிச் சொல்லத் துபாஷி யாரும் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அவள் கடிதத்தைக் கடைசியிலிருந்து படிப்பாள் என்று உன் உம்மா சொன்னாள், அதனால் எழுதிவிட்டேன். என்ன பேசி முடித்தோம் என்பதை மட்டும் கடைசியில்தான் சொல்வேன், வியாபாரியிடம் வந்து விலையை முதலில் கேட்டால் எப்படி. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மா ஆமினா பீவியும் நல்லபடியாக இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி மழை நாளில் மட்டும் எட்டிப்பார்க்கிறது. ரங்கூனில் நீயும் மருமகன் நூர்தீனும் பேரன் யாக்கூபும் இதைவிட நன்றாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவைத் தொட்டேன், மாறாக ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பெரிய துரை மார்ச்சு மாதம் மௌத்தாகி அடக்கமான செய்தியை உனக்கு எழுதியிருந்தேன். நாம் கொட்டில் போட்டிருக்கும் இடமும் கிணறும் அவருடையது, அவருக்கும் நமக்கும் காகிதம் எதுவும் கிடையாது, மாதம் பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை குதிரையில் வருவார், இறங்காமலே வாடகையை வாங்கிக்கொள்வார், உன் உம்மா கொடுத்தனுப்பும் தேத்தண்ணியைக் குதிரை மேலிருந்தே குடிப்பார், கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் ஆடுகளின் சுகத்தை விசாரித்துவிட்டுப் போவார். நானும் மலாயில் பதில் சொல்வேன். இத்தனை காலம் இந்த ஊரில் என் வியாபாரத்துக்கு அந்த மலாய் போதுமாக இருந்தது, சீனன் வந்தாலும் ஜாவாக்காரன் வந்தாலும் அதிலேயே பேசி முடிப்பேன், எப்போதாவது இங்கிலீஷ் தேவைப்பட்டால் துபாஷி அஹமது கபீரைக் கூப்பிட்டுக்கொள்வேன். பெரிய துரைக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அவருடைய தம்பி சீமையிலிருந்து ஜூலை மாதம் கப்பலில் வந்து இறங்கினார், அண்ணனுடைய சொத்துக்களை ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பிப் போவதற்காக. அவருக்கு மலாயும் தெரியாது தமிழும் தெரியாது, நம் பக்கத்து மனிதர்களோடு பழக்கமும் கிடையாது. இடத்தை நல்ல ஆளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்போகிறார், கேட்பவர்கள் சனிக்கிழமை நாலு மணிக்கு இடத்துக்கே வரலாம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். சொல்லியனுப்பியது எனக்கு மட்டுமில்லை, கேட்க விரும்பிய எல்லாருக்கும்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று உன் உம்மா எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். இந்த இடம் போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். டவுனுக்குள் புதிதாக ஆட்டுக் கொட்டில் போட அனுமதி வாங்குவது இப்போது லேசில்லை, கிணறோடு இடம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். நோன்பு நெருங்குகிறது, அதை அடுத்து ஹஜ்ஜுப் பெருநாள், நாகப்பட்டினத்திலிருந்து வரப்போகும் ஆடுகளுக்கு முன்பணம் போய்விட்டது. கப்பல் தஞ்சோங் பகார் துறையில் வந்து நின்ற பிறகு ஆட்டை ஓட்டிக்கொண்டு எங்கே போவது, வீட்டு மாடியிலா கட்டுவது. வெறுங்கையோடு வந்து இறங்கி, பிறருடைய ஆட்டை மேய்த்து, ஒன்று இரண்டாகச் சேர்த்து உண்டாக்கிய வியாபாரம் ஒரு சனிக்கிழமைச் சாயங்காலத்தில் தெருவுக்கு வந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் காலையிலேயே அஹமது கபீரைத் தேடிப் போனேன். அவன் என்னை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நேருக்கு நேர் சொல்லிவிட்டான். நானா, உங்களை அண்ணனாக நினைத்துச் சொல்கிறேன், இந்தத் தடவை என்னைக் கூப்பிடாதீர்கள், என் மச்சான் ஹனீபா அந்த இடத்தைத் தன் வண்டிகளுக்காகக் கேட்கிறான், நான் அவனுக்காகத்தான் துரையிடம் பேச வேண்டும், ஒரே நாக்கால் இரண்டு பேருக்கும் பேசினால் இரண்டு பேருக்கும் துரோகம் என்றான். வாடகை வண்டி விடுகிறானே அந்த ஹனீபாதான், நீ சிறுபிள்ளையாக இருந்தபோது உன்னைக் குதிரை வண்டியில் ஏற்றிச் சௌத் பிரிட்ஜ் ரோட்டுப் பள்ளிவாசல் வரை சுற்றிக் காட்டியவன். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போதே அது இறங்கிவிட்டது. யோசித்துப் பார், அவன் வாயை மூடிக்கொண்டு என்னோடு வந்து, என் பக்கம் பேசுவதுபோல் பேசி, மச்சானுக்குக் காரியத்தை முடித்திருக்கலாம், எனக்கு என்ன தெரியும். முன்கூட்டியே சொன்னானே, அதற்கு நான் அவனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். வேறு துபாஷி தேடிப் பார்த்தேன், கிடைத்தவர்கள் எல்லாம் நம் தொழில் தெரியாதவர்கள். அப்போதுதான் உன் கடிதங்களை எடுத்தேன்.

ரங்கூனில் உன் பக்கத்து வீட்டு நர்ஸம்மா உனக்குச் சொல்லிக்கொடுக்கும் இங்கிலீஷை, வாப்பாவுக்கும் உதவட்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினாயே, அதையெல்லாம் நான் வரிசையாக அடுக்கி வைத்துக் கடையில் ஆள் இல்லாதபோது வாய்விட்டுப் படிப்பது வழக்கம். நீ எழுதிய முறையில் அது என் மண்டையில் ஏறவில்லை என்பதை இப்போது சொல்கிறேன், வருத்தப்படாதே, நான் அதை என் தொழிலுக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் ஏறியது. நம் தமிழில் சங்கதி எல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. கடைக்கு, கடையில், கடையிலிருந்து, கடையோடு என்று வாலை மாற்றினால் போதும். இங்கிலீஷ்காரனுக்கு வால் கிடையாது. அவன் ஒரு சின்னச் சொல்லைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறான், டு த ஷாப், இன் த ஷாப், ஃப்ரம் த ஷாப் என்று. நாம் ஆட்டைப் பின்னாலிருந்து ஓட்டுகிறோம், அவன் முன்னாலிருந்து கயிற்றைப் பிடித்து இழுக்கிறான், ஆடு போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். இது புரிந்த அன்று எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மீதிப் பயம் அந்தச் சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டேன். வேலையைச் சொல்லும் சொல்லைத் தாய் ஆடு என்று வைத்துக்கொண்டேன், சின்னச் சொல்லைக் குட்டி என்று வைத்துக்கொண்டேன். தாய் ஆடு தன் குட்டியைத்தான் சேர்க்கும், வேறு குட்டி வந்தால் முட்டும், ஏன் என்று அதைக் கேட்டுப் பயனில்லை. வெயிட் என்ற தாய்க்கு ஃபார் என்பதுதான் குட்டி, கப்பலுக்குக் காத்திருக்கிறேன் என்றால் ஐ வெயிட் ஃபார் த ஷிப். லிசன் என்றால் டு. பிலாங் என்றாலும் டு. டிபெண்ட் என்றால் ஆன். ஆஸ்க் என்பதற்கு ஃபார் சேர்ந்தால் ஒரு பொருளைக் கேட்பது, சேராவிட்டால் ஆளைக் கேட்பது. டாக் என்பது இரண்டு குட்டி போட்ட ஆடு, யாரிடம் என்பதற்கு டு, எதைப் பற்றி என்பதற்கு அபௌட். டெல் என்பதற்குக் குட்டியே கிடையாது, டெல் மீ என்றால் முடிந்தது, ஆனால் அதன் கூடப்பிறந்ததுபோல் இருக்கும் சே என்பதற்கு டு வேண்டும், சே டு மீ. இது என்ன நியாயம் என்று கேட்டேன், பதில் சொல்ல ஆள் இல்லை, ஆட்டு மந்தையில் மட்டும் என்ன நியாயம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். லுக் இருக்கிறதே, அது பெரிய தாய். லுக் அட் என்றால் பார்ப்பது, லுக் ஃபார் என்றால் தேடுவது, லுக் ஆஃப்டர் என்றால் வைத்துக் காப்பாற்றுவது. பார்ப்பதும் தேடுவதும் காப்பாற்றுவதும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று நீ ஓரத்தில் எழுதியிருந்ததை உன் உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றும் எனக்குத் தெரியும், இங்கிலீஷ்தான் தெரியாது என்றாள்.

சனிக்கிழமை வருவதற்குள் பேசிப் பழக ஆள் வேண்டுமே. ஆடுகளிடம் ஆரம்பித்தேன். பக்கத்துக் கொட்டிலில் பால்மாடு வைத்திருக்கும் மருதப்பன் வேலிக்கு மேல் தலையை நீட்டி, என்ன மரைக்காயரே, ஆட்டுக்குப் பேய் ஓட்டுகிறீர்களா என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னேன். அப்படியா, நான் துரையாக இருக்கிறேன், என்னிடம் பேசுங்கள் என்று சாணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு இங்கிலீஷில் தெரிந்தது யெஸ், நோ, கோ அவே இந்த மூன்றுதான். நான் என்ன சொன்னாலும் நோ, கோ அவே என்றான். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஆனால் அவன் சொன்னதில் காரியம் இருந்தது, நிஜத் துரை யெஸ் என்றால் உமக்குப் பிழைப்பு தானாக ஓடும், நோ என்று சொன்ன பிறகும் வாய் திறந்து பேச முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் மரைக்காயரே என்றான். வீட்டில் உன் உம்மா வேறு, அடுப்படியில் நின்று அவளிடம் லுக் அட் மீ என்று சொல்லிப் பார்த்தேன், என்னை லுக் அட் பண்ணியது போதும், பால் பொங்குகிறது, அதை லுக் ஆஃப்டர் பண்ணுங்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். ருக்கையா, என்னைவிட அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள், இதை நான் சொன்னதாக அவளுக்கு எழுதாதே.

சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, தோளில் துண்டோடு போய் நின்றேன். ஹனீபாவும் கபீரும் முன்னமே வந்திருந்தார்கள், பலகை விற்கும் மரவாடிக்காரர் ஒருவரும் தன் ஆளோடு நின்றார். துரை வந்தார். இளவயதுதான், வெயிலில் முகம் பழுத்திருந்தது. எதில் வந்தார் என்கிறாய், அண்ணனுடைய அதே குதிரையை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார், ஏறி வரவில்லை. குதிரைக்கு வயசாகிவிட்டது, முதுகு தொய்ந்து ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. அது நம் கொட்டிலைக் கண்டதும் தானாகவே போய், பெரிய துரை தேத்தண்ணி குடிக்க நிற்கும் அதே இடத்தில் நின்றுகொண்டது. துரை கயிற்றை இழுக்காமல் அதை அங்கேயே நிற்க விட்டார்.

முதலில் ஹனீபாவுக்காகக் கபீர் பேசினான். அவன் இங்கிலீஷ் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடும், நான் ஒன்றிரண்டு சொல்லைத்தான் பிடித்தேன். துரை குதிரையைக் காட்டி ஏதோ கேட்டார், ஹனீபா அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான், கபீர் அதைச் சொன்னான், அதில் கெட் ரிட் ஆஃப் என்று ஒன்று வந்தது. மரவாடிக்காரரின் ஆளும் அதையே சொன்னான். அது உன் கடிதங்களில் இல்லாத சொல். என் முறை வந்ததும் குட் ஆஃப்டர்நூன் சொல்லி, மனப்பாடம் செய்ததை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைத்தான் கேட்டேன், சார், வாட் இஸ் கெட் ரிட் ஆஃப் என்று. தெரியாததைத் தெரியாது என்று கேட்பதில் எனக்கு எப்போதும் வெட்கமில்லை. துரை என்னை ஒரு மாதிரி பார்த்து, கையால் தரையைப் பெருக்கித் தள்ளுவதுபோல் காட்டிக் குதிரையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. நான் அதற்குப் பதில் சொல்லாமல் நம் காரியத்தை ஆரம்பித்தேன். திஸ் பிளேஸ் பிலாங்ஸ் டு யூ, ஐ வாண்ட் டு டாக் டு யூ அபௌட் த ரெண்ட், மை கோட்ஸ் டிபெண்ட் ஆன் திஸ் வெல், இடம் உங்களுடையது, வாடகை பேச வேண்டும், என் ஆடுகள் இந்தக் கிணற்றை நம்பி இருக்கின்றன என்று. குட்டிகள் எல்லாம் தாயோடு சேர்ந்து வந்தன, அல்ஹம்துலில்லாஹ். துரை தலையசைத்து, சரி, எவ்வளவு தருவாய் என்ற அர்த்தத்தில் ஹௌ மச் என்றார்.

இந்த இடத்தில்தான் நான் காரியத்தைக் கெடுத்தேன். ஹனீபா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான், மரவாடிக்காரர் நிற்கிறார், அவர்கள் நடுவில் நான் எப்படி விலையை வாயால் சொல்வேன். ஆட்டுச் சந்தையில் நாங்கள் செய்வதுதான் உனக்குத் தெரியுமே. மூளை யோசிக்கும் முன்பே கை போய்விட்டது. தோள் துண்டை எடுத்துத் துரையின் வலது கைமேல் போட்டு உள்ளே கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்துவிட்டேன். துரை தேள் கொட்டியதுபோல் கையை இழுத்தார், துண்டு கீழே விழுந்தது, சிவந்த முகம் இன்னும் சிவந்தது, கையில் மோதிரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், அதை நான் பார்த்தேன், ருக்கையா, அதுதான் எனக்கு உறைத்தது. ஹனீபா சும்மா இருப்பானா, மரைக்காயர் துரைக்கு மருதாணி வைக்கப் போகிறார் டோய் என்று தமிழில் கத்தினான், மருதப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டான். கபீர் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான், அவன் அன்று வந்தது எனக்காக இல்லையே. துரை நோ, நோ என்று சொல்லிக் குதிரையின் கயிற்றைப் பிடித்துத் திரும்பிவிட்டார்.

நோ என்ற பிறகு பேச முடிகிறதா என்று மருதப்பன் கேட்டானே, அது காதில் ஒலித்தது. துண்டைப் பொறுக்கி உதறி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று, வெயிட், சார், பிளீஸ் லிசன் டு மீ என்றேன். நின்றார். அதற்குப் பிறகு நான் பேசியதில் எத்தனை பிழை என்று நீ நர்ஸம்மாவிடம் காட்டிச் சிரித்துக்கொள், எனக்குக் கவலையில்லை. இன் மை டிரேட் வீ டோன்ட் ஷௌட் த பிரைஸ், என் தொழிலில் விலையைக் கத்த மாட்டோம், ஹனீபா பக்கம் கையைக் காட்டி, தே லிசன் டு அஸ், தே லுக் அட் அவர் ஃபேஸ், நம் பேச்சைக் கேட்கிறார்கள், நம் முகத்தைப் பார்க்கிறார்கள், துணிக்கு உள்ளே விரல் பேசும், நீங்கள் அறிவீர்கள், நான் அறிவேன், வேறு யாரும் அறியார். இதைச் சொல்லிவிட்டு என் கைமேலேயே துண்டைப் போட்டு, என் இடது கையால் என் வலது கை விரலைப் பிடித்துக் காட்டினேன். ஒன் ஃபிங்கர், டென் டாலர்ஸ், ஒரு விரலுக்குப் பத்து வெள்ளி. பாதி விரல், ஐந்து. துரை என்னைப் பார்த்தார், ஹனீபாவைப் பார்த்தார், அவன் கழுத்து நீண்டிருந்தது. திடீரென்று சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே கையை நீட்டினார், துண்டை நானே போடட்டும் என்பதுபோல் காத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தது பேரம். நான் மூன்று விரல் பிடித்தேன். அவர் என் ஐந்தையும் பிடித்தார். பிடி தெரியாத ஆள், கையைக் குலுக்குவதுபோல் பிடித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. நான் பாதி விரல் ஏற்றினேன். அவர் பாதி விரல் இறக்கினார். அங்கே வந்து நின்றுவிட்டது, மேலும் போகவில்லை. அப்போது அவர் துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்காமலே தலையைத் திருப்பிக் குதிரையைக் காட்டி, வில் யூ டேக் கேர் ஆஃப் ஹிம் என்று கேட்டார். எனக்கு அது தெரியாது. லுக் ஆஃப்டர் என்று திருப்பிக் கேட்டேன். யெஸ், லுக் ஆஃப்டர் என்றார். அப்போதுதான் எனக்கு அவர் மனசு தெரிந்தது. அண்ணன் ஏறி வந்த குதிரை, கப்பலில் கொண்டுபோக முடியாது, சுட்டுவிடச் சொல்ல வாய் வரவில்லை, பார்க்கிறவன் எல்லாம் தள்ளிவிடச் சொல்கிறான். இந்த மனிதர் அன்று இடத்துக்கு மட்டும் ஆள் தேடி வரவில்லை.

நான் அவருக்கு உள்ளதைச் சொன்னேன். சார், ஐ செல் கோட்ஸ், இறைச்சிக்குத்தான் விற்கிறேன், நான் இரக்கக்காரன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் குதிரையை நான் விற்க மாட்டேன், வாங்குவாரும் இல்லை. அது இங்கே நிற்கும், கிணற்றுத் தண்ணீர் குடிக்கும், புல்லுக்கு நான் காசு கொடுப்பேன், ஐ பே ஃபார் த கிராஸ். அதன் இடம் அதுதான், அது தானாகவே போய் நிற்கிறது பாருங்கள், லுக் அட் ஹிம். இதைச் சொல்லும்போதே புல்லுக்கு மாதம் என்ன ஆகும், அதற்கு வாடகையில் என்ன குறைக்கலாம் என்று மனசுக்குள் ஓடியது, அதையும் மறைக்காமல் உனக்குச் சொல்கிறேன். துரை துண்டுக்குள் என் விரல்களை எடுத்து, கட்டைவிரலை மடக்கிவிட்டு, மீதியைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். நானும் அழுத்தினேன். முடிந்தது.

ஹனீபா வந்து என்ன நானா, எத்தனை விரல் என்று கேட்டான், மருதாணி வைத்தது எத்தனை விரலுக்கு என்று துரையிடமே கேள் என்றேன், அவனே சிரித்துவிட்டான். கோபம் ஒன்றுமில்லை, அவன் வண்டிகளுக்கு லாவெண்டர் தெருப் பக்கம் வேறு இடம் பார்த்திருக்கிறான். திங்கட்கிழமை வக்கீல் வீட்டிலிருந்து குத்தகைக் காகிதம் வந்தது. அதைக் கபீரிடமே கொண்டுபோனேன். மச்சான் காரியம் முடிந்துவிட்டது, இனி நான் உங்கள் ஆள் என்று சொல்லி வரிக்கு வரி படித்து அர்த்தம் சொன்னான், கொடுத்த காசை வாங்க மறுத்துவிட்டான். நானா, நீங்கள் பேசியதைக் கேட்டேன், பிழை நிறைய, ஆனால் துரைக்கு அந்தப் பிழையில்தான் நம்பிக்கை வந்தது என்றான். அப்படியே இருக்கலாம், ஆனாலும் நீ பிழையில்லாமல் படி. மருதப்பனுக்கு நன்றி சொன்னேன், நோ, கோ அவே என்றான். குதிரைக்கு ஜிஞ்சர் என்று பெயராம், இஞ்சி என்று அர்த்தமாம், அவன் இஞ்சி, இஞ்சி என்றே கூப்பிடுகிறான், அதுவும் திரும்பிப் பார்க்கிறது. உன் உம்மா சாயங்காலம் தேத்தண்ணி கொண்டுவந்தால் அது தலையை நீட்டுகிறது, நீ குடிக்கிறவன் இல்லையே, உன் மேல் உட்கார்ந்து குடித்தவர் அல்லவா போய்விட்டார் என்று அதனோடு பேசிக்கொண்டு நிற்கிறாள்.

ருக்கையா, ஆட்டுக் கணக்கும் வாடகைக் கணக்கும் எழுதிய கையால் இதையும் எழுதுகிறேன். உன் நர்ஸம்மாவுக்குக் கடன்பட்டிருக்கிறேன், அவருக்குப் போய்ச் சேரும்படி ஜாதிக்காயும் ஜவ்வரிசியும் ஒரு பொட்டலம் கப்பல்காரர் வசம் அனுப்புகிறேன், என் ஸலாத்தைச் சொல், தேங்க் யூ என்பதற்கு ஃபார் வருமா டு வருமா என்று அவரிடமே கேட்டுச் சரியானதைச் சொல்லிக்கொடு. உனக்கு நான் என்ன அனுப்புவது. பெண்பிள்ளைக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்கிறவர்கள் இந்தச் சிராங்கூன் ரோட்டிலும் இருக்கிறார்கள், இனி கேட்டால் கொட்டிலைக் காட்டுவேன், என் ஆடுகள் நிற்பது என் மகள் எழுதிய வரிகள் மேல் என்று சொல்வேன். மருமகன் நூர்தீனுக்கு நீ எழுதியிருந்த அந்த இருமல் இன்னும் இருந்தால் துறைமுக வேலையில் மழையில் நனைய விடாதே, சித்தரத்தை போட்டுக் கொதிக்கவைத்துக் கொடு. யாக்கூபுக்குப் பல் முளைக்கும் சமயம், கிடைத்ததையெல்லாம் கடிப்பான், என் கடிதத்தைக் கொடுத்துவிடாதே. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் உடம்பில் பலமும் வாசலில் பரக்கத்தும் தரட்டும், நோன்பு நாட்களில் எங்களுக்கும் துஆ செய்யுங்கள், நாங்களும் செய்கிறோம். அடுத்த கடிதத்தில் அந்த இங்கிலீஷ் பக்கம் இல்லாமல் அனுப்பிவிடாதே, இனிமேல் அது எனக்கு முன்னைவிட அவசியம், ஏன் என்பது கீழே இருக்கிறது.

முடிந்த பேச்சு இதுதான். குத்தகை ஏழு வருஷம், காகிதத்தோடு. வாடகை துண்டுக்குள் நாலு விரல், மாதம் நாற்பது வெள்ளி. கிணறு நம்முடையது, மருதப்பன் மாடுகளுக்கும் தண்ணீர் உண்டு என்று நான் கேட்டு எழுத வைத்தேன். குதிரை சாகும் வரை கொட்டிலில் நிற்கும், புல்லும் கொள்ளும் நம் செலவு. கடைசியாக ஒன்று, துரை தானே கையால் எழுதிச் சேர்த்தது, வருஷத்துக்கு ஒருமுறை குதிரை எப்படி இருக்கிறது என்று நான் அவருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதற்கு வேண்டியதைக் கேட்டு அனுப்பு, தின்கிறது, தூங்குகிறது, கிணற்றடிக்குப் போகிறது, உங்கள் அண்ணன் நின்ற இடத்தில் நிற்கிறது. செத்துப்போனதைச் சொல்ல எந்தக் குட்டி வரும் என்று மட்டும் இப்போது கேட்க வேண்டாம்.

உன் வாப்பா,
நா. ஒலி முகம்மது மரைக்காயர்